முப்பது நாள் கதவு

பாலத்தில் பசு நின்றது.
நான் ஒதுங்கினேன்.
பாலத்தின் தூண் ஒதுங்கவில்லை.

கோச்சாவின் பட்டறையில் ஐந்து நாள்.
பாதி ரொக்கம், பாதி கடன்.
வலப்பக்கப் பின்கதவு
புதுச் செர்ரிப்பழம்போல் நின்றது.
மற்ற மூன்றும் அதன் சித்திகள்.

சாவியைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்:
"தொட்டால் ஒட்டாது. அதை நம்பாதே.
மேல்தோல்தான் காய்ந்திருக்கிறது.
உள்ளே இன்னும் ஆவி போய்க்கொண்டிருக்கிறது.
முப்பது நாளைக்கு மெழுகு வேண்டாம், உறை வேண்டாம்,
ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம்.
மூச்சு முட்டினால் கொப்புளம் கிளப்பும்.
அப்புறம் என்னிடம் வராதே."

ஸ்டிக்கர் இல்லாத டாக்சிக்குக்
கம்பெனி சவாரி தராது.
ரூசுதான் போனில் கேட்டாள்:
"காந்தப் பலகையாவது மாட்டேன்."
"காந்தமும் கூடாதாம்."
"உன் கதவென்ன பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறதா?"
"ஆமாம், பத்தியம்" என்றேன்.
வைத்துவிட்டாள்.

குட்டாயிசியில் ஜூன் மாதம்
மல்பெரி மரங்கள் கறைபடுத்துவதற்கென்றே நிற்கின்றன.
பழம் தின்ற பறவைகள்
அதே வேலையை இரண்டாம் முறை செய்கின்றன.
பத்து வருடமாய் நிறுத்திய நிழலை விட்டு
வெட்டவெளியில் நிறுத்தினேன்.
தண்ணீர்ப் புட்டி, பழைய பனியன் துணி.
எச்சம் விழுந்தால் தேய்க்காமல்
நனைத்து, ஊறவிட்டு, ஒற்றியெடுக்க வேண்டும்.
என் மகனுக்கு அம்மை போட்டபோதுகூட
இவ்வளவு மெதுவாய்த் துடைக்கவில்லை.

நான்காம் நாள் ராத்திரி
அடக்க முடியாமல்
கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
காய்ந்துதான் இருந்தது.
காலை வெயிலில் பார்த்தால்
பத்திரத்தில் வைத்ததுபோல்
ஒரு கைநாட்டு.
கோச்சாவிடம் சொல்லவில்லை.

கடனைக் கட்ட, தெரிந்தவர்களை ஏற்றினேன்.
சந்தைக்கு, கல்லறைக்கு,
பாலாடைக்கட்டி வாளிகளோடு ஒருமுறை ரியோனிக்கு அக்கரை.
யாரும் கதவில் கை வைத்துவிடக் கூடாதே என்று
வண்டியை நிறுத்தியதும் ஓடிப்போய்
நானே திறப்பேன். நானே சாத்துவேன்.
இறங்கும்போதும் அதே ஓட்டம்.
ஆட்கள் தங்கள் காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.
பொத்தான் போட்டுக்கொண்டார்கள்.
கசாப்புக்கடை பெசிக், எப்போதும் சில்லறைக்குச் சண்டை போடுகிறவன்,
அன்றைக்கு மீதியை வாங்கிக்கொள்ளவில்லை.

பதினேழாம் நாள், ஆஸ்பத்திரி வாசலில் எத்தேரி.
மருந்துக்கடைக்காரி. கையில் ஒரு பெரிய பழுப்பு உறை.
ஓடிப்போய்த் திறந்தேன்.
அவள் ஏறவில்லை.
என் முகத்தையே பார்த்தாள்.
"யாராவது உன்னிடம் சொல்லிவிட்டார்களா?"

பெயின்ட்டுக்காகத்தான் என்று
சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.
"வெயில் ஏறுகிறது, உட்கார்" என்றேன்.
உட்கார்ந்தாள்.
வழியெல்லாம் பேசவில்லை.
வீட்டு வாசலில் நான் சுற்றி வரும்வரை
கையை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

முப்பதாம் நாள் கழுவினேன்.
முப்பத்தொன்றில் ரூசுதானே வந்து ஸ்டிக்கர் ஒட்டினாள்.
கைநாட்டை விட்டு நாலு விரல் தள்ளி ஒட்டு என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
சும்மா என்றேன்.

இப்போது எல்லாரும் அவரவரே திறக்கிறார்கள்,
அறைந்து சாத்துகிறார்கள்.
கதவு தாங்குகிறது.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்,
ஆஸ்பத்திரி வாசலில்,
தலைக்குத் துணி கட்டிய ஒருத்தி
கைப்பிடியைத் தொடாமல் நிற்கிறாள்.
இன்ஜினை அணைத்துவிட்டு
சுற்றிப் போகிறேன்.